மூக்கிலிருந்து ஒரு சாண்: வாசகர் கேள்வி – பதில்

வேலை செய்கிற இடத்துக் காற்றைப் பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று போன இதழில் கேட்டிருந்தோம். மதுரைக்குள்ளிருந்தும் மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்தும் வந்த கடிதங்கள் ஒரு கட்டாக என் மேசையில் இருக்கின்றன. தொழில் சுகாதார ஆய்வுகளுக்காக மில், பட்டறை, சமையல்கூடம் என்று 27 ஆண்டுகள் காற்று மாதிரி எடுத்தவள் நான். மருத்துவர் அல்ல. மருந்து கேட்டவர்கள் தயவுசெய்து மருத்துவரிடம் போங்கள். காற்றைப் பற்றிக் கேட்டவர்களுக்கு, எனக்குத் தெரிந்தவரை, இங்கே பதில்.

கேள்வி: கோரிப்பாளையம் பக்கம் ஒரு கடையில் ஒன்பது வருடமாகப் புரோட்டாக் கல்லில் நிற்கிறேன். ராத்திரி வீட்டுக்குப் போனால் கண் எரிகிறது, தொண்டை கரகரக்கிறது. செல்போனில் மதுரையின் காற்றுத் தரம் பார்த்தால் பச்சை நிறத்தில் 'திருப்தி' என்று காட்டுகிறது. அப்படியென்றால் காற்று காரணம் இல்லையா? – புரோட்டா மாஸ்டர், வயது 31

பதில்: தம்பி, செல்போன் சொல்வது ஊரைப் பற்றி. உங்களைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. அந்தக் காற்றுத் தரக் குறியீடு 2015-இல் நடைமுறைக்கு வந்தது. நுண்துகள், கந்தக டை ஆக்சைடு, ஓசோன் என்று எட்டு வகை மாசுகளை வைத்துக் கணக்கிடுவது. அளக்கும் கருவி ஊருக்குள் எங்கோ ஒரு திறந்த இடத்தில் நிற்கிறது. உங்கள் கல்லுக்கு முன்னால் நிற்கவில்லை.

அந்தத் 'திருப்தி'யையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். 2.5 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) உட்பட்ட நுண்துகள், ஒரு கனமீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரியாக 60 மைக்ரோகிராம் வரை இருந்தாலும் நம் நாட்டுக் குறியீடு 'திருப்தி' என்றே சொல்லும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் கொடுத்த வழிகாட்டு அளவு 15.

காற்றை எங்கே வைத்து அளக்க வேண்டும் என்பதை எங்கள் துறையே தாமதமாகத்தான் கற்றுக்கொண்டது. ஒரு காலத்தில் பட்டறையின் நடுவில் ஒரு முக்காலியில் கருவியை வைத்து அளந்துவிட்டு, அங்கே இருக்கிற எல்லாரும் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள் என்று எழுதிவிடுவார்கள். 1960-இல் இங்கிலாந்தில் ஷெர்வுட், கிரீன்ஹால்ஷ் என்ற இரண்டு பேர், ஆள் மேலேயே மாட்டிவிடக்கூடிய சிறிய பம்பைப் பற்றி எழுதினார்கள். ஒரே அறை, ஒரே நாள். ஆனால் முக்காலியில் இருந்த கருவி காட்டியதைவிட ஆள் மேல் இருந்த கருவி கூடுதலாகக் காட்டியது. நான் இத்தனை ஆண்டும் தூக்கிக்கொண்டு அலைந்தது அந்தப் பம்பின் பேரப்பிள்ளைகளைத்தான். இடுப்பு பெல்ட்டில் பம்ப். அதிலிருந்து ஒரு குழாய் முதுகில் ஏறி, தோளில் வளைந்து, சட்டைக் காலரில் ஒரு கிளிப்பில் முடியும். முனையில் 37 மில்லிமீட்டர் விட்டமுள்ள வெள்ளை வடிதாள். மூக்கிலிருந்து ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றேகால் சாண். அதற்குள் அது இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் வேலையின் முதல் விதி.

பம்ப் நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் இழுத்தால் எட்டு மணி நேரத்தில் ஏறத்தாழ ஒரு கனமீட்டர் காற்று தாளைக் கடக்கும். அதே எட்டு மணி நேரத்தில் நின்று வேலை செய்கிற ஒரு மனிதர் ஏறத்தாழ பத்துக் கனமீட்டர் காற்றை இழுக்கிறார். தாளில் படிந்திருப்பதைப் பார்த்து, இதைப்போலப் பத்து மடங்கு மூச்சோடு போயிருக்கிறது என்று மனசுக்குள் பெருக்கிக்கொள்வேன். ஒரு சமையல்கூடத்தில் மாலை கழற்றிய தாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. இடுக்கியால் தூக்கினேன். நடுவெல்லாம் பழுப்பேறிப் பிசுபிசுத்திருந்தது. வளையம் பிடித்திருந்த ஓரம் மட்டும் மெல்லிய வெள்ளைக் கோடாக வட்டமிட்டிருந்தது. காலையில் முழுத் தாளும் அந்த நிறத்தில்தான் இருந்தது.

கல்லில் எண்ணெய் காய்ந்து எழும் புகையை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதிக வெப்பத்தில் பொரிக்கும்போது கிளம்பும் புகையைச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2010-இல் 'மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை' என்ற பிரிவில் சேர்த்தது. பயந்து வேலையை விட்டுவிட வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. புகை உங்கள் முகத்தைத் தொடாமல் போக வழி செய்ய வேண்டும், அவ்வளவே.

அதற்கு ஒரு ஊதுபத்தி போதும். நாளைக்குக் கடை திறந்து கூட்டம் சேருமுன், எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டு, ஊதுபத்தியைக் கல்லுக்கு மேலே பிடித்துப் பாருங்கள். நம் ஊரில் கல் கடை வாசலில் இருக்கும். மாஸ்டர் தெருவைப் பார்த்து நிற்பார். எக்ஸாஸ்ட் ஃபேன் அவருக்குப் பின்னால் உள்சுவரில் இருக்கும். புகை அவர் முகத்தைக் கடந்துதான் வெளியே போயாக வேண்டும். இப்படி அமைந்த கடைகளில் ஃபேன் எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ அவ்வளவு வேகமாக மாஸ்டர் முகத்துக்குப் புகை வரும். உங்கள் கடையும் இப்படி இருந்தால், கல்லுக்கு நேர் மேலே தகரக் கூண்டு கட்டி அதிலிருந்தே புகைபோக்கியை ஏற்றச் சொல்லி முதலாளியிடம் கேளுங்கள். ஊதுபத்தியை அவர் கண் முன்னால் கொளுத்திக் காட்டுங்கள். பேசுவதைவிட அது சீக்கிரம் புரியும்.

கேள்வி: மாவட்ட நீதிமன்றம் அருகே ஜெராக்ஸ் கடையில் வேலை. மெஷின் ஓடும்போது ஒரு காரமான வாடை வருகிறது. கெடுதலா? – வாசகி, மதுரை

பதில்: அது பெரும்பாலும் ஓசோன். மேலே வானத்தில் நமக்குக் குடை பிடிக்கிற அதே வாயு, மூக்குக்குப் பக்கத்தில் வந்தால் தொண்டையையும் நுரையீரலையும் எரிச்சலூட்டும். பழைய மெஷினில் வாடை கூடுதலாக இருக்கும். காற்று வெளியேறும் பக்கம் எது என்று கையை வைத்துப் பார்த்து, அந்தப் பக்கத்தை உங்கள் நாற்காலிக்கு எதிராக வைக்காதீர்கள். மெஷினின் வடிகட்டியைச் சர்வீஸ் ஆளிடம் சொல்லி மாற்றச் சொல்லுங்கள். டோனர் பொடி சிந்தினால் ஊதவோ துடைப்பத்தால் பெருக்கவோ வேண்டாம், ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். கதவைத் திறந்து வைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

கேள்வி: என் கணவர் வாடிப்பட்டி பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில், புளோ ரூமில், பதினான்கு வருடமாக வேலை செய்கிறார். வார லீவு முடிந்து வேலைக்குப் போகிற முதல் நாள் மட்டும் மாலையில் நெஞ்சைப் பிடித்து இறுக்குவதுபோல் இருக்கிறது என்கிறார். மறுநாள் பரவாயில்லை. எக்ஸ்ரே எடுத்ததில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். லீவு எடுத்த சோம்பல் என்று சூப்பர்வைசர் திட்டுகிறாராம். இது என்ன நோய்? – பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். 'முதல் நாள் மட்டும்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் நின்றுவிட்டேன்.

என் அப்பாவும் புளோ ரூம்காரர். மதுரையில் ஒரு மில்லில், பேல் என்கிற பஞ்சுப் பொதியை உடைத்துப் பஞ்சை இயந்திரத்துக்குக் கொடுக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை வைகை மணலில் எங்களைத் துரத்திக்கொண்டு ஓடி வருவார். திங்கட்கிழமை மாலை வேறு ஆள். எங்கள் வீட்டு வாசலில் மூன்று படி. அந்த மூன்று படியை அப்பா ஏறும் சத்தத்தைக் கேட்டு, உள்ளே அடுப்படியில் இருக்கும் அம்மா அன்றைக்கு அவருக்குச் சோறா, கஞ்சியா என்று முடிவு செய்வார். ஒரு படி, நிறுத்தம். ஒரு படி, நிறுத்தம் என்றால் கஞ்சி. திண்ணைத் தூணில் முதுகைச் சாய்த்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார். செவ்வாய்க்கிழமை சரியாகிவிடும். எங்கள் தெருவில் பாதிப் பேர் மில் வேலை. எல்லார் வீட்டிலும் இது இருந்ததால், 'திங்கட்கிழமை இழுப்பு' என்று மழை வெயில்போலச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

பிறகு படிக்கப் போனேன். இங்கிலாந்தில் லங்காஷையர் பஞ்சாலைகளில் ரிச்சர்ட் ஷில்லிங் என்ற மருத்துவர் 1950-களில் செய்த ஆய்வுகளைப் பற்றி ஒரு நாள் வகுப்பில் சொன்னார்கள். அங்கேயும் திங்கட்கிழமை. அங்கேயும் முதல் நாள் நெஞ்சிறுக்கம், மறுநாள் தேவலை. அந்த வகுப்பில் அதற்குமேல் என்னால் குறிப்பெடுக்க முடியவில்லை. எங்கள் வாசற்படியில் நடந்தது ஒரு பாடப்புத்தகத்தில் இருந்திருக்கிறது. எங்கள் வீட்டுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை.

அதன் பெயர் பிசினோசிஸ். பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய். உங்கள் கணவருக்கு அதுதான் என்று கடிதத்தை வைத்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் சந்தேகப்படுவதற்கு வேண்டிய அளவு உங்கள் கடிதத்தில் இருக்கிறது.

பஞ்சு இழையைவிட, அதோடு வரும் காய்ந்த இலை, பூவடிச் செதில் தூள், அவற்றில் வாழும் பாக்டீரியாக்களின் நச்சுப்பொருள் ஆகியவற்றின் மீதுதான் ஆய்வாளர்களின் கை நீள்கிறது. அதனால்தான் பேலை உடைக்கும் புளோ ரூமிலும், பஞ்சைச் சீவும் கார்டிங்கிலும் தொல்லை அதிகம். குப்பை நீங்கி நூலாகிப் போகப் போகக் குறைகிறது. அமெரிக்க அரசு 1978-இல் விதி வகுத்தபோதும் நூற்பு வேலைக்கு ஒரு கனமீட்டருக்கு 200 மைக்ரோகிராம் என்றும் நெசவுக்கு 750 என்றும் வேறு வேறு எல்லை வைத்தது.

ஆஸ்துமாவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை நன்றாகக் கவனியுங்கள், ஏனென்றால் பலர் தடுமாறுவது இங்கேதான். வேலையால் வரும் ஆஸ்துமா பெரும்பாலும் வாரம் போகப் போக மோசமாகும், லீவு விட்டால் அடங்கும். பஞ்சுத் தூசி நோயின் தொடக்கம் அதற்கு நேர்மாறு: லீவு முடிந்த முதல் நாள்தான் மோசம். உங்கள் மில்லில் வார லீவு செவ்வாய் என்றால் உங்கள் வீட்டுத் 'திங்கட்கிழமை' புதன்கிழமைதான். மருத்துவரிடம் கிழமையைச் சொல்லாமல் 'நெஞ்சு இறுக்குகிறது' என்று மட்டும் சொன்னால் அவருக்கு எப்படித் தெரியும்? எக்ஸ்ரேயிலும் தெரியாது. இந்த நோய்க்கென்று எக்ஸ்ரேயில் தனி அடையாளம் கிடையாது. எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

ஷில்லிங் இதைப் படிகளாகப் பிரித்தார். முதலில் எப்போதாவது ஒரு வாரத்தின் முதல் நாள். அடுத்து ஒவ்வொரு வாரமும் முதல் நாள். பிறகு மற்ற நாட்களுக்கும் பரவும். கடைசிப் படியில் லீவிலும் மூச்சு திரும்பாது. உங்கள் கணவர் இரண்டாவது படியில் நிற்பதாகத் தோன்றுகிறது. அங்கே நிறுத்த முடியும் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். என் அப்பா கடைசிப் படிவரை போனார். பணி ஓய்வு பெற்றபின் மில் சங்கு ஊதும் நேரத்தில் வாசலில் உட்கார்ந்திருப்பார். அந்த மூன்று படியை இறங்கித் தெருவுக்குப் போவதே பெரும்பாடு.

செய்ய வேண்டியது: ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்குங்கள். பீக் ஃப்ளோ மீட்டர் என்று ஒரு பிளாஸ்டிக் குழாய் மருந்துக்கடையில் கிடைக்கும். நன்றாக மூச்சை இழுத்து, ஒரே மூச்சில் வேகமாக ஊத வேண்டும். ஷிப்டுக்குப் போகுமுன் மூன்று முறை, வந்தவுடன் மூன்று முறை. மூன்றில் பெரிய எண்ணை மட்டும் எழுதுங்கள். லீவு நாளிலும் அதே நேரத்துக்கு ஊத வேண்டும். பக்கத்தில் கிழமை, ஷிப்ட், அன்று எந்த மெஷினில் நின்றார் என்று எழுதுங்கள். நான்கு வாரம் எழுதியதும் நோட்டை எடுத்துக்கொண்டு அரசு ராசாசி மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவுக்கோ, சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அங்கேயோ போங்கள். 'ஸ்பைரோமெட்ரி' என்ற ஊதும் பரிசோதனையை, முடிந்தால் லீவு முடிந்த முதல் நாள் ஷிப்டுக்கு முன்னும் பின்னும் செய்ய முடியுமா என்று கேளுங்கள். பீடி, சிகரெட் இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்; பஞ்சும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் தாங்காது.

வேலையை விட்டுவிடச் சொல்லுங்கள் என்று எழுதுவது எனக்குச் சுலபம், மாதக் கடைசியில் வீட்டை நடத்துவது நீங்கள். ஆகவே முதலில் இடம் மாற்றிக் கேளுங்கள்: புளோ ரூமிலிருந்து கோன் வைண்டிங், பேக்கிங் என்று. கம்ப்ரெசர் காற்றை அடித்து மெஷினைச் சுத்தம் செய்யும் நேரத்தில் அவர் உள்ளே நிற்க வேண்டாம். படிந்த தூசி முழுவதும் மூக்கு உயரத்துக்கு எழும்புவது அப்போதுதான்.

சூப்பர்வைசருக்கும் ஒரு வார்த்தை. இது சோம்பல் அல்ல. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணையிலேயே அரசுக்கு அறிவித்தாக வேண்டிய நோய்களில் ஒன்றாகப் பிசினோசிஸ் இருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2020-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. மருத்துவர் உறுதி செய்தால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இழப்பீட்டுக்கும் வழி இருக்கிறது. அதற்கெல்லாம் முதல் சாட்சி உங்கள் நோட்டுத்தான்.

கேள்வி: மேலூர் பக்கம் கிரானைட் பட்டறையில் கட்டிங், பாலீஷ் போடுகிறேன். முகத்தில் துண்டைச் சுற்றிக் கட்டிக்கொள்கிறேன். போதுமா? எங்களோடு வேலை பார்த்த ஒருவர் இரண்டு முறை டி.பி. மருந்து சாப்பிட்டும் இருமல் போகவில்லை. – வாசகர், வயது 38

பதில்: போதாது. துண்டு உங்கள் கண்ணுக்குத் தெரிகிற தூசியைத்தான் தடுக்கும். கண்ணுக்குத் தெரிகிற தூசி மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிச் சளியோடு வெளியே வந்துவிடும். நுரையீரலின் அடிவரை போவது ஏறத்தாழ நான்கு மைக்ரானுக்குக் கீழே உள்ளது. தலைமுடியின் தடிமன் 50 முதல் 70 மைக்ரான் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். துண்டின் இழைகளுக்கு நடுவே உள்ள ஓட்டை அதற்குக் கோயில் வாசல். வெயிலில் பளபளவென்று மிதந்து பிறகு படியும் தூசியைப் பார்த்து 'படிந்துவிட்டது' என்று துண்டை அவிழ்க்கிறோமே, அந்த நேரத்திலும் கண்ணுக்குத் தெரியாதது மணிக்கணக்கில் காற்றிலேயே நிற்கிறது.

கல்லில் உள்ள குவார்ட்ஸ்தான் குற்றவாளி. சிலிக்கா என்பது அதுதான். கறுப்புக் கல்லில் குறைவு, உங்கள் வட்டாரத்து வெளிறிய கல்லில் அதிகம். எட்டு மணி நேரச் சராசரியில் ஒரு கனமீட்டர் காற்றுக்கு 50 மைக்ரோகிராம் சிலிக்கா என்று அமெரிக்காவில் 2016-இல் எல்லை வைத்தார்கள். 50 மைக்ரோகிராம் என்பது பொடியுப்பில் ஒரு மணியின் எடைக்குப் பக்கம். அவ்வளவு சிறிய அளவுக்கு எல்லை வைக்க வேண்டிய பொருள் இது. நுரையீரலுக்குள் போன துகளை உடல் விழுங்கப் பார்த்து, முடியாமல், சுற்றிலும் வடுவாக இறுகிவிடுகிறது. சிலிகோசிஸ் என்கிற இந்த நோய்க்கு வடுவைக் கரைக்கும் மருந்து இல்லை. வேலையை விட்ட பிறகும் வளரக்கூடியது.

நாம் பள்ளியில் எழுதிய சிலேட்டுக் குச்சி நினைவிருக்கிறதா? மத்தியப் பிரதேசத்தில் மந்த்சௌர் என்ற ஊரில் அந்தக் குச்சியைக் கல்லிலிருந்து அறுத்தவர்களிடம் இந்த நோயை ஆமதாபாத்தின் தேசியத் தொழில் சுகாதார நிறுவனம் விரிவாக ஆராய்ந்தது. இளம் வயதிலேயே மூச்சு முட்டிப் போனவர்கள் அவர்கள். அந்த ஆய்வுகளைப் படித்த நாளிலிருந்து சிலேட்டுக் குச்சியைக் கையில் எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் நண்பருக்கு வருவோம். சிலிக்கா புகுந்த நுரையீரலில் டி.பி. எளிதில் பற்றும். சிலிகோசிஸை டி.பி. என்று எண்ணி மருந்து கொடுப்பதும் நடக்கிறது. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். அவர் மருத்துவரிடம் போகும்போது, கேட்டாலும் கேட்காவிட்டாலும், 'நான் இத்தனை வருடம் கல் அறுத்தேன்' என்று முதல் வரியாகச் சொல்லட்டும். இத்தாலியில் ராமட்ஸினி என்ற மருத்துவர் 1700-இல் தொழில்களால் வரும் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் பழைய மருத்துவர்கள் கேட்டுவந்த கேள்விகளோடு இன்னும் ஒன்றைச் சேர்க்கச் சொன்னார்: 'நீ என்ன வேலை செய்கிறாய்?' முந்நூறு ஆண்டுகள் தாண்டியும் நம் ஊரில் அந்தக் கேள்வியை எல்லா மருத்துவர்களும் கேட்பதில்லை. நானே எத்தனையோ ஓ.பி. சீட்டுகளைப் பார்த்திருக்கிறேன். வயது இருக்கும், எடை இருக்கும், தொழில் என்ற இடம் வெற்றாக இருக்கும்.

தூசியைக் கிளம்பவிடாமல் செய்வதுதான் முதல் வேலை, முகமூடி அதற்கு அடுத்தது. பிளேடு கல்லைத் தொடுகிற இடத்தில் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். பெரிய கட்டிங் மெஷினில் தண்ணீர் இருக்கும். கைக் கிரைண்டரை எடுத்து ஓரம் சரிசெய்யும்போதுதான் காய்ந்த கல்லில் ஓட்டுவார்கள். நான் அளந்த பட்டறைகளில் அந்தக் கைக் கிரைண்டர்காரரின் தாள்தான் எப்போதும் கனத்தது. அதற்கும் தண்ணீர் வேண்டும். ஆனால் தண்ணீரும் மின்சாரமும் சேருகிற இடம், அதற்கென்று செய்த கருவியும் மின்கசிவைத் துண்டிக்கும் பிரேக்கரும் இல்லாமல் தொடாதீர்கள். தரையைக் காய்ந்தபடி பெருக்காதீர்கள். கம்ப்ரெசர் காற்றால் உடம்பைத் தட்டிக்கொள்ளாதீர்கள். இவ்வளவுக்கும் மேல் என்-95 முகமூடி. மூக்குத் தண்டில் உள்ள கம்பியை அழுத்தி, ஓரமெல்லாம் தோலோடு ஒட்ட வேண்டும். தாடி இருந்தால் ஒட்டாது. சட்டையைப் பட்டறையிலேயே மாற்றிவிட்டு வீட்டுக்குப் போங்கள், பிள்ளைகள் மடியில் ஏறும்.

கேள்வி: மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் தறிக்கூடத்துக்கு ஆய்வு என்று வந்தார்கள். இடுப்பில் கருவி மாட்டினார்கள், குழாயில் ஊதச் சொன்னார்கள், கையெழுத்து வாங்கினார்கள். அப்புறம் யாரையும் காணோம். இனி யாராவது வந்தால் உள்ளே விட வேண்டுமா? – நெசவாளர், செல்லூர்

பதில்: உங்கள் கோபம் நியாயம். அந்தக் கோபத்தில் எனக்கும் பங்கு வர வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் செய்தேன். பம்பைக் கழற்றி, தாளைப் பெட்டியில் வைத்து, ஆய்வகத்துக்குக் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவேன். ஒன்றரை வருடம் கழித்து வேறு வேலையாக அதே பக்கம் போனபோது, நூல் சுற்றும் ஓர் அம்மா என்னை அடையாளம் கண்டு கேட்டார்: "எங்கள் காற்றை எடுத்துக்கொண்டு போனாயே அம்மா, என்ன ஆயிற்று?" என்னிடம் பதில் இல்லை. அறிக்கை வந்திருந்தது, ஆங்கிலத்தில், யாரோ ஒருவர் அலமாரியில். அந்த அம்மாவின் காற்றில் அளந்த அளவைத் தேடி எடுத்து, ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு மேலும் இரண்டு வாரம் ஆனது. அதற்குப் பிறகு எந்த ஆய்விலும் அந்தத் தாளை எழுதாமல் நான் ஊரைவிட்டுக் கிளம்பியதில்லை.

உள்ளே விடுங்கள் என்றுதான் சொல்வேன், ஆனால் கேட்டுவிட்டு விடுங்கள். கையெழுத்துப் போடும் தாள் தமிழில் இருக்கிறதா? அதன் நகல் உங்களுக்கு உண்டா? உங்கள் சொந்த முடிவு எப்போது, யார் மூலம் வரும்? பெயர் முதலாளிக்குப் போகுமா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, புரியும் மொழியில் விளக்கி உங்கள் சம்மதத்தைப் பெற வேண்டும். வேண்டாம் என்று நடுவில் விலகவும் உங்களுக்கு உரிமை உண்டு. நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் சம்மதத் தாளிலேயே இருக்க வேண்டும். பழைய ஆய்வின் தாள் வீட்டில் எங்காவது இருந்தால் அந்த எண்ணுக்குப் பேசி முடிவைக் கேளுங்கள்.

இன்னொன்றையும் வருகிறவர்களிடம் கேளுங்கள்: 'வேலையை விட்டுப் போனவர்களைப் பார்த்தீர்களா?' மூச்சு முடியாதவர் தறியை விட்டுப் பெட்டிக்கடை வைத்துவிடுகிறார். தறியில் மிச்சம் நிற்பவர்கள் தாங்கக்கூடியவர்கள். அவர்களை மட்டும் ஊதச் சொல்லி எண்ணினால், தொழிலாளர்கள் ஊராரைவிட ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்று முடிவு வரும். 1885-லேயே வில்லியம் ஓகிள் என்ற ஆங்கிலேயர் இந்த மயக்கத்தைக் கவனித்து எழுதிவைத்தார். இன்றும் அந்தக் குழியில் விழுகிற ஆய்வுகள் உண்டு. எங்கள் குழுவில் நான் அடம் பிடித்து, பழைய ஆட்கள் கூடும் டீக்கடைகளுக்குப் போய் உட்கார்ந்திருக்கிறேன். மில்லுக்குள் ஒரு வாரத்தில் கேட்காத இருமலை அங்கே ஒரு காலையில் கேட்டேன்.

ஒழுங்காகச் செய்த ஆய்வு என்ன தரும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சாட்சி இருக்கிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் கல்பனா பாலகிருஷ்ணன் குழு தமிழ்நாட்டில் 436 கிராமத்து வீடுகளில் அடுப்புப் புகையை அளந்து 2002-இல் வெளியிட்டது. விறகு எரிக்கும் வீட்டில் சமைக்கும் பெண்ணின் ஒரு நாள் சராசரி, ஒரு கனமீட்டருக்கு 231 மைக்ரோகிராம். கேஸ் போன்ற புகையற்ற எரிபொருள் வீட்டில் 82. அடுப்படியும் ஒரு பணியிடம்தான், சம்பளம் இல்லாத பணியிடம். அந்தப் பெண்கள் அளக்க இடம் கொடுத்ததால்தான் இந்த எண் இன்று நம் கையில் இருக்கிறது.

கேள்வி: அரிசி மில்லில் வேலை. தூசிக்கு வெல்லம் சாப்பிட்டால் இறங்கிவிடும் என்று மேஸ்திரி தினமும் ஒரு கட்டி கொடுக்கிறார். உண்மையா? – வாசகி, திருமங்கலம்

பதில்: என் அப்பாவின் சட்டைப்பையிலும் காகிதத்தில் மடித்த வெல்லம் எப்போதும் இருக்கும். சாப்பிட்டது போக மிச்சத்தை எனக்குக் கொடுப்பார். பஞ்சு ஒட்டியிருக்கும், ஊதிவிட்டுத் தின்பேன். வெல்லம் போகும் வழி வேறு, தூசி போகும் வழி வேறு. 1994-இல் லக்னோவில் உள்ள ஆய்வு நிறுவனத்தார் எலிகளுக்கு வெல்லம் கொடுத்துப் பார்த்து, நுரையீரலில் இருந்து துகள்கள் நகர்வது கூடியதாக எழுதினார்கள். எலியில் பார்த்தது அது. அதை நம்பி மனிதர்கள் தூசிக்குள் நிற்க முடியாது. தொண்டை நனைவதற்கு இதமாக இருக்கும். சர்க்கரை நோய் இல்லையென்றால் சாப்பிடுங்கள், மேஸ்திரியின் அன்பை மறுக்க வேண்டாம். கூடவே, உமி விழும் இடத்தில் மூடி போட்டு உறிஞ்சு குழாய் வைக்க முடியுமா என்று அவரிடமே கேளுங்கள்.

அடுத்த இதழுக்கு எழுதுகிறவர்கள், என்ன வேலை, எத்தனை வருடம், எந்தக் கிழமையில் தொல்லை கூடுகிறது, லீவு நாளில் எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.